பதின்மூன்றாம் பாடம்

தேவாலயத்தின் கோபுரம் மறுபடியும் போதகரின் தலைமேல் ஏறிக்கொண்டது.

அடைக்கலநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் பிழையில்லை. திரையில் இரண்டு படங்களும் அருகருகே நிற்கவேண்டும். இடப்பக்கம் தேவாலயம், வலப்பக்கம் போதகர். காலையிலிருந்து அவர் எதைத் தட்டினாலும் ஒன்று மற்றதன்மேல் ஏறியது, அல்லது இரண்டில் ஒன்று காணாமல் போனது.

"நேசம், இஞ்சை ஒருக்கா வா. இப்ப எப்பிடி இருக்கு?"

மனைவி நேசமலர் அகப்பையும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"பாவம் போதகர். கழுத்து நோகப்போகுது."

"நான் பகிடிக்குக் கேக்கேல்லை."

"நானும் பகிடிக்குச் சொல்லேல்லையப்பா. நேற்று ஆளையே காணேல்லை. இண்டைக்கு ஆளெண்டாலும் இருக்கிறார்."

இதைச் சொல்லிவிட்டு அவர் குசினிக்குப் போய்விட்டார். அங்கே ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

அடைக்கலநாதன் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பத்துநான்கு வருடம் வேலைசெய்து, எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பிரதம லிகிதராக இளைப்பாறியவர். ஒரு கோவையைத் தூக்கிப் பார்த்தே அதில் எந்தக் கடிதம் குறைகிறது என்று சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை அவரே பலருக்கும் சொல்லியிருக்கிறார்.

இளைப்பாறியதும் தெல்லிப்பழையில் தங்களுடைய சிறிய தேவாலயத்துக்குச் செயலாளரானார். சபைக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மூன்று நாள் வகுப்பொன்றுக்குப் போய்வந்து தாமே ஒன்றைச் செய்தும் போட்டார். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, தகவல்கள் மேலிருந்து கீழாக வரிசையில். அவருடைய கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

குறை கண்டவர் பொருளாளர் நோர்மன். போன கூட்டத்தில் தன் கைத்தொலைபேசியை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார்.

"உது இணையத்தளமோ, மரண அறிவித்தலோ? எங்கடை சேர்ச்சின்ரை யூபிலி விழாவுக்குக் கனடா, லண்டன் எண்டு எல்லாச் சனமும் பாக்கப்போகுது. கொழும்பிலை ஒரு கொம்பனியிட்டைக் குடுப்பம். அதோடை செயலாளர் வேலையையும் ஒரு இளம் ஆள் பாத்தா நல்லதெண்டு நினைக்கிறன்."

அந்த இளம் ஆள் தான்தான் என்பதுபோல நோர்மன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு வயது அறுபத்தொன்று. அடைக்கலநாதனைவிட இரண்டு வயது குறைவு.

அடைக்கலநாதன் எழுந்து நின்றார்.

"யூபிலிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கு. உந்தத் தளத்தை என்ரை கையாலை வடிவாக்கிக் காட்டுறன். இல்லாட்டி அண்டைக்கே என்ரை ராஜினாமாக் கடிதம் உங்கடை மேசையிலை இருக்கும்."

ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவது ஒரு வித்தை. அது என்ன நிறம், எவ்வளவு அகலம், எங்கே நிற்பது என்று சொல்வது இன்னொரு வித்தை. முதலாவதை அவர் வகுப்பில் படித்திருந்தார். இரண்டாவதற்குச் சிஎஸ்எஸ் என்று பெயர் என்பதைக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டுத்தான் அறிந்தார்.

மகள் ஆரபிக்கு இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, இப்போது ஆய்வுகூடமொன்றில் இரத்தம், சர்க்கரை பார்க்கிற வேலை. அவளுக்கு இதுவரை ஏழு சம்பந்தங்கள் வந்திருந்தன. ஏழும் அடைக்கலநாதனின் விசாரணையில் விழுந்தன. மூன்று இடத்தில் விசாரிக்காமல் அவர் ஒரு கோழிகூட வாங்கியது கிடையாது, மாப்பிள்ளையை விடுவாரா? ஒருவன் பஸ்ஸில் சன்னல் ஓரத்துக்காகச் சண்டை பிடித்தவன். ஒருவனுடைய சித்தப்பா கடிதங்களுக்குப் பதில் போடாதவர். விசாரணை முடிவுகளையெல்லாம் தலைப்புப் போட்டு ஒரு தடித்த மட்டைபோட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதி, அடியில் ஒப்பமும் வைத்து விடுவார். அவர் வைத்த ஒப்பத்தை அவரே மாற்றியதில்லை.

"ஆரபி, ஒண்டும் தெரியாதவனுக்குச் சிஎஸ்எஸ் படிக்க எது நல்லது?"

ஆரபி விரல்விட்டு நாலு சொன்னாள். அடைக்கலநாதன் நாலையும் கொப்பியில் குறித்துக்கொண்டு, நாலையும் ஒழுங்காக விசாரணைக்கு எடுத்தார்.

முதலாவது ஒரு புத்தகம். பட்டணத்தில் போய் வாங்கினார். தொள்ளாயிரம் பக்கம், ஆங்கிலம். முன்னுரையிலிருந்து தொடங்கி, முக்கியமானவற்றை அழகான எழுத்தில் குறிப்பெடுத்தார். நாற்பது பக்கம் குறிப்புச் சேர்ந்தபிறகு நேசமலர் கேட்டார், "எல்லாஞ்சரி, கொம்பியூட்டரை எப்ப போடப் போறியள்?"

அதுவரை அவர் கணினியைத் தொடவே இல்லை. கொப்பியில் எழுதினார்: பருமன் அதிகம். விளக்கம் குறைவு. சிபாரிசு இல்லை.

இரண்டாவது ஓர் இணையப் பக்கம். அதில் சிஎஸ்எஸ்ஸில் உள்ள எல்லாமே இருந்தது. எங்கே தொடங்குவது என்பது மட்டும் இல்லை. ஒரு சொல்லைத் தட்டினால் வேறு பக்கம் திறந்தது, அதில் ஒரு சொல்லைத் தட்டினால் இன்னொன்று. மத்தியானத்துக்குள் அறுபத்துமூன்று பக்கங்கள் திறந்துகிடந்தன. நிறம் பற்றிப் பார்க்கப் போனவர் படத்தைச் சுழற்றுவது எப்படி என்ற இடத்தில் போய் நின்றார். போனதற்கு அதையாவது செய்து பார்ப்போம் என்று செய்தும் பார்த்தார்.

அன்று பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது.

"அடைக்கலமண்ணை, ஊரிலை ஏதும் பிரச்சினையோ? எங்கடை சேர்ச் ஏன் தலைகீழாத் தொங்குது?"

"திருத்த வேலை நடக்குது," என்றார் அடைக்கலநாதன், குரல் தளராமல்.

மூன்றாவது, பயிற்சி தருகிற தளம். நாம் எழுதுவதை அதுவே திருத்திப் புள்ளி போடும். பத்துக்கு மூன்று போட்டது. ஏழு புள்ளியைக் குறைத்ததற்குக் காரணம் கேட்டு, முகவரியுடன் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. பதில் போடாதவர்களுடன் அவர் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்வதில்லை.

நாலாவது காணொளி. ஒரு வெள்ளைக்காரப் பையன் கதைத்தான். "உவன் மூச்சு விடுறானோ இல்லையோ?" என்று அடைக்கலநாதன் திரைக்கு அருகே போய்ப் பார்த்தார். அவன் சொன்னதில் பாதியைக் கேட்டுச் செய்ததில் பக்கம் முழுவதும் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. எழுத்தும் அதே நிறம். அதனால் ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வெளியே வருகையில் நோர்மன் தோளில் தட்டினார்.

"முந்தி மரண அறிவித்தலாவது இருந்தது, அடைக்கலம். இப்ப அதுவுமில்லை."

இரண்டு கிழமை போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் அடைக்கலநாதன் இடியப்பத்தைப் பிசைந்தார். முப்பத்துநான்கு வருடத்தில் எந்தப் பரீட்சையிலும் விழுந்ததில்லை. இப்போது ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி தானாகவே மனதில் ஓடியது. நல்ல வரியாகவும் இருந்தது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

நேசமலர் சொதியை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"மாதர் சங்கத்திலை ஆரோ கதைச்சவை. யூரியூபிலை ஒரு பெடியன் தமிழிலை உதைச் சொல்லிக் குடுக்கிறானாம். பேர் கோகுலனோ என்னவோ. கரவெட்டிப் பக்கமாம்."

ஆரபியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அடைக்கலநாதன் அதைக் கவனிக்கவில்லை.

"தமிழிலையோ?"

"ஓமாம். ஒருக்காப் பாருங்கோவன். எனக்கென்ன தெரியும்."

பார்த்தார். காணொளியில் முகம் இல்லை. திரையும், ஒரு குரலும் மட்டும்தான். "வணக்கம். பயப்பிடாதையுங்கோ. இதிலை நீங்கள் எதையும் உடைக்கேலாது. பிழைச்சாத் திருத்துவம்," என்றது குரல். பிறகு, ஒரேயொரு வரியைச் சொல்லி, "இப்ப என்னை நிப்பாட்டிப்போட்டு நீங்கள் எழுதிப் பாருங்கோ," என்றது.

அடைக்கலநாதன் நிற்பாட்டினார். எழுதினார். தலைப்பு சிவந்தது.

"நேசம்! சிவப்பு! நான் சொன்ன சிவப்பு!"

அன்றைக்கு மூன்று பாடம் முடித்தார். மற்ற நாள் மூன்று. கத்தரிக்காய் நிறம் போனது. எழுத்து அளவாக வந்தது. பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் ஒரு பெட்டி என்பது ஏழாம் பாடத்தில் விளங்கியபோது அவர் கதிரையைவிட்டு எழுந்து முன்றலை ஒருதரம் சுற்றிவந்தார். கச்சேரியில் எல்லாம் கோவை. இங்கே எல்லாம் பெட்டி. இதை முதலே ஒருவன் சொல்லியிருந்தால் தொள்ளாயிரம் பக்கம் ஏன்? அந்தக் குரலோடு அவருக்கு ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. "எங்கடை கோகுலன் என்ன சொல்லுறாரெண்டால்..." என்று சாப்பாட்டு மேசையில் தொடங்குவார். ஆரபி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

பன்னிரண்டாம் பாடத்தின் முடிவில் குரல் சொன்னது. "இரண்டு பெட்டியைப் பக்கத்திலை பக்கத்திலை நிப்பாட்டுறது எப்பிடியெண்டு பதின்மூண்டாம் பாடத்திலை பாப்பம்."

பதின்மூன்றாம் பாடம் இல்லை.

ஒரு நாள் பார்த்தார். நாலு நாள் பார்த்தார். எட்டாம் நாளும் இல்லை. தானாக முயன்றதில்தான் கோபுரம் போதகரின் தலையில் ஏறி நின்றது. யூபிலிக்குப் பதினேழு நாள்.

தாளித்து முடித்துவிட்டு நேசமலர் மறுபடியும் வந்து கதவடியில் நின்றார்.

"இப்பிடி அதையே பாத்துக்கொண்டிருந்தாப் பாடம் வருமோ? நேரிலை போய்க் கேட்டால் என்ன? கரவெட்டி என்ன கடல் கடந்தோ கிடக்குது?"

அடைக்கலநாதன் நிமிர்ந்தார்.

"அதைத்தான் நானும் யோசிச்சனான்," என்றார். உண்மையில் அவர் அதை யோசிக்கவில்லை.

"ஆனா ஆர் எவரெண்டு தெரியாமல் ஒரு வீட்டுப் படலையைத் தட்டக்கூடாது. உங்கடை முறைப்படி விசாரிச்சுப்போட்டுப் போங்கோ."

"அதை நீ எனக்குச் சொல்லித் தரவேணுமே?"

"கொப்பியையும் கொண்டு போங்கோ. சமயத்தையும் கேட்டு எழுதுங்கோ. பாரத்திலை ஓரிடத்தையும் வெறுமையா விடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

வெள்ளைச் சேட்டு, கையில் குடை, கக்கத்தில் சீ.ஆர். கொப்பி. இப்படியாக அடைக்கலநாதன் அடுத்த நாள் காலை இரண்டு பஸ் மாறி நெல்லியடியில் இறங்கி, கரவெட்டிக்கு ஓட்டோ பிடித்தார். சந்திக் கடையொன்றில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"இஞ்சை கோகுலன் எண்டு ஒரு பெடியன், கொம்பியூட்டர் படிச்சவர்..."

கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ ஐயா. எந்த ஊர்?"

"தெல்லிப்பழை. ஆள் எப்பிடி? பொறுமைசாலியோ? தொடங்கின அலுவலைப் பாதியிலை விடுற பழக்கம் ஏதும்?"

"சீச்சீ! தங்கமான பெடியன். குடி இல்லை, சிகரெட் இல்லை."

"அது எனக்குத் தேவையில்லை," என்றார் அடைக்கலநாதன். ஆனாலும் கிடைத்த தகவலை விடுவானேன் என்று எழுதிக்கொண்டார். "நான் சிஎஸ்எஸ் படிக்கிறனான். அவரிட்டைப் பதின்மூண்டாம் பாடம் கேக்க வந்தனான்."

"ஓம் ஓம்," என்றார் கடைக்காரர், கண்ணைச் சிமிட்டி. "விளங்குது ஐயா."

அந்தப் பக்கத்தில் கலியாண விசாரணைக்கு வருகிறவர்கள் யாரும் விசாரணைக்கு வந்தேன் என்று சொல்வதில்லை. காணி பார்க்க வந்தேன், மாடு வாங்க வந்தேன், பழைய சிநேகிதனைத் தேடி வந்தேன் என்று ஏதாவது ஒரு சாட்டோடுதான் வருவார்கள். ஊரும் அந்தச் சாட்டை நம்பியதுபோல மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லும். கலியாண வயதில் ஒரு பையன் இருக்கிற ஊரில், சலவைச் சேட்டும் குடையும் கொப்பியுமாக ஒரு பெரியவர் வந்து இறங்கி அவன் குணத்தைக் கேட்டால் அதற்கு ஓர் அர்த்தம்தான். அறுபத்துமூன்று வயதில் பாடம் படிக்க வந்தேன் என்ற சாட்டைத்தான் அவர்கள் இதுவரை கேள்விப்பட்டதில்லை. கடைக்காரருக்கு அது நிரம்பப் பிடித்துப்போனது.

இரண்டாவது இடம் இளைப்பாறிய தபாலதிபர் வீடு. அடைக்கலநாதன் படலையைத் திறக்குமுன்னரே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். "வாங்கோ, வாங்கோ. இப்பதான் கடையிலை இருந்து போன் வந்தது." குடும்பம் எப்படி என்று கேட்கவே தேவையிருக்கவில்லை, மூன்று தலைமுறையை அவரே சொன்னார். சைவக் குடும்பம், வெங்காயச் செய்கை, கிணற்றில் தண்ணீர் வற்றாது, தகப்பன் சிவசுப்பிரமணியம் சொன்ன சொல் மாறாதவர்.

மூன்றாவது இடத்தைத் தேடிப் போக நேரவில்லை. ஒழுங்கையில் ஒரு பெண்மணி அவரை மறித்து நிறுத்தி, தானாகவே சொன்னார். "பெடியனிலை ஒரு பிழை சொல்லேலாது. ஆனா கொஞ்சம் கறுப்பு."

"நான் குரலை மட்டுந்தான் பாக்கிறனான்," என்றார் அடைக்கலநாதன். அந்தப் பெண்மணி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். இப்படியும் ஒரு மாமனார்!

சிவசுப்பிரமணியத்தின் வீட்டில் தேத்தண்ணியும் வடையும் ஆயத்தமாக இருந்தன. கோகுலன் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போயிருந்தான். நெற்றி நிறைய நீறோடு சிவசுப்பிரமணியமும், அவருக்குப் பின்னால் மனைவி பத்மாவதியும் நின்றார்கள். பத்மாவதி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"வளைச்சுக் கதைக்கிற ஆள் நானில்லை," என்று அடைக்கலநாதன் தொடங்கினார். "பன்னிரண்டு பாடமும் முடிச்சிட்டன். மிச்சத்தையும் மகன்தான் சொல்லித் தரவேணும். வேறை ஆரும் எனக்குச் சரிவராயினம். கனபேரைப் பாத்து ஒதுக்கிப்போட்டுத்தான் இஞ்சை வந்தனான்."

சிவசுப்பிரமணியத்தின் முகம் மலர்ந்தது.

"அப்பிடி நேரை வந்து கேட்டியள் பாருங்கோ, அதுதான் முறை. வீட்டிலை எத்தினை பிள்ளையள்?"

"ஒரே மகள்."

"நல்லது. வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு உங்கடை வீட்டை வாறம்."

அடைக்கலநாதனுக்குக் கண் கலங்கியது. ஒரு பாடத்துக்காக ஆசிரியரே மாணவன் வீட்டுக்கு வருவதா! பஸ்ஸில் இருந்துகொண்டே கொப்பியை முடித்து ஒப்பம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கணினி மேசையை விறாந்தையிலிருந்து மண்டபத்துக்கு மாற்றி, முன்னால் இரண்டு கதிரை போட்டு, சீ.ஆர். கொப்பியையும் சீவிய பென்சிலையும் எடுத்துவைத்தார். நேசமலர் நல்ல சேலை உடுத்திருந்தார். ஆரபிக்கும் ஒன்றை உடுத்திவிட்டிருந்தார்.

"ஒரு பாடத்துக்கு ஏன் இவ்வளவு உடுப்பு?"

"வீட்டை ஆக்கள் வரேக்கை பின்னை எப்பிடி நிக்கிறது?" என்றார் நேசமலர்.

நாலு மணிக்கு ஒரு வான் வந்து நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். வாழைப்பழச் சீப்பு, கேக், பலகாரத் தட்டு, பூ. கரவெட்டிச் சனம் படிப்புக்குக் கொடுக்கிற மரியாதையை நினைத்து அடைக்கலநாதன் வியந்தார். நேசமலர் பத்மாவதியைக் கைகூப்பி வரவேற்று, "உங்கடை பேர் என்னெண்டு சொன்னியள்?" என்று கேட்டார். பத்மாவதி மெதுவாகத் தன் பெயரைச் சொன்னார்.

கடைசியாக இறங்கியவன் கோகுலன். ஒல்லியான உயரமான பையன். "வணக்கம் ஐயா," என்றதும் அடைக்கலநாதனுக்கு அந்தக் குரல் காதில் தேனாக விழுந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கணினிக்கு முன்னால் இருத்தினார். எட்டுப் பேரும் சுற்றிவர இருந்து பார்த்தார்கள்.

"தொடங்குங்கோ தம்பி. பதின்மூண்டு."

கோகுலன் தாயைப் பார்த்தான். தாய் கூரையைப் பார்த்தார். சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார்.

"அது பேந்து பாப்பம். முதல் பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

"எந்தப் பிள்ளையை?"

"உங்கடை மகளைத்தான்."

"அவவுக்கு உதிலை நாட்டமில்லை."

மூலையில் இருந்த ஒரு மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தச் சாட்டை இனி விடுங்கோ ஐயா. பொம்பிளை பாக்க நாங்கள்தான் வந்திட்டமே!"

கடைக்காரரின் கண்சிமிட்டலிலிருந்து கேக் வரைக்கும் எல்லாம் அடைக்கலநாதனுக்கு ஒரே மூச்சில் விளங்கியது. அவர் எழுந்தார். வியர்த்தது. குரல் மட்டும் பிரதம லிகிதரின் குரலாகவே வந்தது.

"ஒரு பெரிய பிழை நடந்திட்டுது. நான் சம்பந்தம் பேச வரேல்லை. நீங்கள் சைவம், நாங்கள் வேதக்காரர். மற்றது, விசாரியாமல் நான் மகளைக் குடுக்கிற ஆளில்லை. ஏழு சம்பந்தத்தைத் தட்டினனான்."

சிவசுப்பிரமணியம் கோபப்படவில்லை. மேசையில் விரித்துக்கிடந்த கொப்பியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"விசாரிச்சுத்தானே இருக்கிறியள்," என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்க வாசித்தார். "பெயர், சி. கோகுலன். குடும்பம், கண்ணியமானது. சமயம், சைவம், ஆட்சேபனை இல்லை. குடி, புகை இல்லை. பொறுமை, மிக நன்று. தொடங்கியதைப் பாதியில் விடமாட்டார். நிறம் ஒரு பொருட்டல்ல. மூன்று இடத்தில் விசாரிக்கப்பட்டது. முழுமனத்துடன் சிபாரிசு செய்யப்படுகிறது."

கொப்பியைத் தாழ்த்தினார். "இது ஆற்றை ஒப்பம்?"

"என்ரை," என்றார் அடைக்கலநாதன்.

"சமயத்தைப் பற்றி எனக்கும் யோசினை இருந்தது. பொம்பிளை பகுதி தானா வந்து கேட்டாலொழிய உந்தக் கதையை எடுக்கக்கூடாதெண்டு வீட்டிலை சொல்லிப்போட்டு இருந்தனான். நீங்கள் இரண்டு பஸ் மாறி வந்திட்டியள். அதுக்குப் பிறகு நான் என்ன கதைக்கிறது?"

அறை வாசலில் ஆரபி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது.

"அப்பா, எனக்கு இவரைத் தெரியும். கம்பஸிலை படிக்கேக்குள்ளை இருந்து. உங்களிட்டைச் சொல்லப் பயமா இருந்தது."

"என்னிலை என்ன பயம்?"

"ஏழு பேரைத் தட்டிப்போட்டியளே, அப்பா."

அடைக்கலநாதனுக்கு அது சுருக்கென்று தைத்தது. மகளுக்காகத்தான் அவ்வளவு விசாரணையும் என்று நினைத்திருந்தார். அந்த மகளே தன் மனதில் உள்ளவனை அவருடைய கொப்பியிலிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள். அவர் கோகுலனைப் பார்த்தார். பன்னிரண்டு பாடமும் பயப்பிடாதையுங்கோ என்று சொன்ன பையன், இப்போது பயந்துபோய்க் கதிரை நுனியில் இருந்தான். அவனை அவருக்கு நல்லாகப் பிடித்திருந்தது. சம்பந்தம் என்று ஒருவன் வந்து சொல்லியிருந்தால் இவனிலும் ஒரு பிழை கண்டுபிடித்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"நான் வைச்ச ஒப்பத்தை மாத்திறேல்லை," என்றார்.

மண்டபம் ஒரேயடியாகக் கலகலத்தது. மாமி ஆரபியைக் கட்டிப்பிடித்தார். கோகுலன் எழுந்து வந்து நின்றான்.

"ஐயா, அந்த ரெண்டு படத்தையும் நான் இப்பவே பக்கத்திலை பக்கத்திலை நிப்பாட்டிவிடட்டோ? ரெண்டு வரிதான்."

"தொடப்படாது! என்ரை கையாலை செய்வன் எண்டு கூட்டத்திலை சொன்னனான். நீர் பாடத்தைப் போடும், நான் படிச்சுச் செய்யிறன்."

சொல்லும்போதே அவருக்குப் பழைய தெம்பு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. சிவசுப்பிரமணியத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களே அண்ணை, ஏழு பேரை மற்றவை கொண்டு வந்தவை. ஒண்டும் சரிவரேல்லை. எட்டாவது ஆளை நானா விசாரிச்சு, நானா பஸ் ஏறிப் போய்ப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். ஒரு அலுவலை எங்கடை கையாலை செய்யவேணும். மற்ற ஆக்களை நம்பி இருக்கப்படாது."

நேசமலரிடமும் இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. பாவம், அவருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது? தேத்தண்ணி எடுக்கப் போன இரண்டு தாய்மாரும் இன்னும் வரவில்லை. அடைக்கலநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே கோப்பைச் சத்தத்துக்கு நடுவே பத்மாவதியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்ப நேசமக்கா, பதின்மூண்டாம் பாடத்தை இனிப் போடலாமெண்டு தம்பிக்குச் சொல்லிவிடட்டோ?"